டிரைசூட் வாங்கப் போகிறேன்: நியோப்ரீனா, மெம்பரேனா?

கேள்வி: 17 அக்டோபர் 2023

சென்னையிலிருந்து வேலை மாறி இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. இதுவரை 34 ஸ்கூபா டைவ், எல்லாமே புதுச்சேரியும் அந்தமானும்தான். 28 டிகிரிக்குக் குறைந்த தண்ணீரில் நான் இறங்கியதே இல்லை. இங்கே டைவ் செய்யும் பழைய கல்குவாரித் தண்ணீர் குளிர்காலத்தில் 5, 6 டிகிரி என்கிறார்கள். கூட வேலை பார்க்கும் ஒருவர், 7 மி.மீ. வெட்சூட் (உள்ளே நனையும் சூட்) போதும், டிரைசூட்டெல்லாம் (உள்ளே நனையாத சூட்) பணக்காரர் விளையாட்டு என்கிறார். கையில் 900 பவுண்டு இருக்கிறது. நியோப்ரீன் (நுரை ரப்பர்) டிரைசூட்டா, மெம்பரேனா? ஒரே வரியில் சொன்னாலும் சரி.

பதில்: 17 அக்டோபர், இரவு

ஒரே வரி: மெம்பரேன். ஆனால் 900-ஐயும் அதில் கொட்ட வேண்டாம்.

இனி ஒரே வரி இல்லை.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. இங்கே என் முதல் குளிர்காலத்தை நானும் 7 மி.மீ. வெட்சூட்டில்தான் ஓட்டினேன். தண்ணீருக்குள் 22 நிமிடம். அது கூடப் பரவாயில்லை. மேலே வந்து கார் நிறுத்தத்தில் காற்றில் நின்றபோதுதான் குளிர் என்றால் என்னவென்று தெரிந்தது. பெல்ட் பக்கிளைத் திறக்க விரல் வரவில்லை. பக்கத்துக் காரில் இருந்த ஒரு பாட்டி வந்து திறந்துவிட்டார். பிறகு அதே ஈர சூட்டை இரண்டாவது டைவுக்கு மறுபடி மாட்ட வேண்டும். மாட்டவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தைக் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமாகக் கடத்தும். வெட்சூட்டில் உங்களைக் காப்பது நியோப்ரீனுக்குள் இருக்கும் குட்டிக் குமிழ்கள். ஆழம் போகப் போக அவை நசுங்கி, மேலே 7 மி.மீ. ஆக இருந்தது கீழே அதில் பாதி கூட இருக்காது. அதாவது குளிர் அதிகமாகும் இடத்தில் போர்வை மெலிகிறது.

மெம்பரேன் சூட் என்பது ஒரு மழைக்கோட்டு, அவ்வளவுதான். இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர். 1823-இல் சார்ல்ஸ் மேக்கின்டாஷ் மழைக்கோட்டுக்காகக் காப்புரிமை வாங்கிய அதே யோசனை. அதில் சூடு ஒன்றும் கிடையாது. சூடு முழுக்க உள்ளே போடும் அண்டர்சூட்டிலும், அது பிடித்து வைக்கும் காற்றிலும்தான். அதனால் 500-ஐ சூட்டுக்கு ஒதுக்குங்கள் (அந்த விலைக்குப் பழையதுதான் கிடைக்கும், தவறில்லை). மீதியை அண்டர்சூட், தலைக்கு ஹூட், கையுறைக்கு வையுங்கள். ஆயிரம் பவுண்டு சூட்டுக்குள் பருத்திப் பனியன் போட்டுக்கொண்டு நடுங்குகிறவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

18 அக்டோபர், காலை

நேற்று எழுதியதைப் படித்தால் நியோப்ரீன்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள். அவர்கள் பக்கமும் சொல்லிவிடுகிறேன்.

நியோப்ரீன் டிரைசூட் இழுத்தால் வரும், உடம்போடு ஒட்டும், நீந்த இலகு. தண்ணீர் உள்ளே புகுந்தாலும் கொஞ்சம் சூடு மிஞ்சும். மெம்பரேனில் வெள்ளம் வந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆனால் நியோப்ரீன் கனம், காய இரண்டு நாள், மிதப்பும் அதிகம் என்பதால் அமிழக் கட்டும் ஈயமும் அதிகம். ஆழத்தில் நசுங்கும் கதை இங்கேயும் உண்டு. முன்கூட்டியே நசுக்கிய நியோப்ரீனில் இந்தத் தொல்லை குறைவு, விலை கூட.

கோடையில் 16 டிகிரி, மார்ச்சில் 6 டிகிரி. ஒரே சூட்டை வருடம் முழுக்கப் போட வேண்டும் என்றால், உள்ளே இருப்பதை மாற்றிக்கொள்ளும் வசதி மெம்பரேனில்தான் உண்டு. லெஸ்டர்க்காரருக்கு என் வாக்கு அதற்கே.

22 அக்டோபர்

"ஆன்லைனில் எல் சைஸ் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிவிடவா?" என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள் தம்பி. பொதுவிலேயே பதில்: கூடாது.

கடைக்குப் போங்கள். போடப் போகும் அண்டர்சூட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சூட்டைப் போட்டு, ஜிப் மூடி, குந்தி உட்காருங்கள். நம் ஊர்க்காரனுக்கு அது கை வந்த கலை, அங்கே ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். பிறகு இரண்டு கையையும் மார்பின் குறுக்கே போட்டு உங்களை நீங்களே கட்டிப்பிடியுங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கி, முதுகில் சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்று இடித்தாலும் அது உங்கள் சூட் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் முதல் டிரைசூட் 180 பவுண்டுக்கு வாங்கிய பழையது. அதை முதலில் போட்டவர் ஆறடி இரண்டு அங்குலம், நான் ஐந்தரை. காலில் ஒரு சாண் துணி மிச்சம். மடித்துவிட்டால் ஆயிற்று என்று நினைத்தேன்.

குவாரியில் 9 மீட்டரில், எதையோ எட்டிப் பார்க்கக் குனிந்தேன். சூட்டுக்குள் இருந்த காற்று முழுவதும் காலுக்குப் போனது. பூட் பலூனாகி என் பாதம் அதிலிருந்து நழுவி மேலே வந்துவிட்டது. ஃபின் (கால் துடுப்பு) இரண்டும் பூட்டோடு பூட்டாக எங்கோ ஆடுகின்றன, நான் தலைகீழாகத் தொங்குகிறேன். திரிசங்கு சொர்க்கம் என்று சிறுவயதில் கேட்டதற்கு அன்றுதான் பொருள் புரிந்தது. காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வு இடது மேற்கையில் இருக்கிறது. காற்று மேலேதான் ஏறும். தலைகீழாக இருக்கும்போது அந்த வால்வு காற்றுக்குக் கீழே. திறந்திருந்தும் பயனில்லை. கால் மேலாகவே மேற்பரப்புக்கு வந்து சேர்ந்தேன். 9 மீட்டர் என்பதால் பிழைத்தேன், 30 ஆக இருந்திருந்தால் இதை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

செய்ய வேண்டியது: முழங்காலை மார்போடு மடக்கி, ஒரு குட்டிக்கரணம் அடித்து நிமிர்ந்து, உடனே இடது முழங்கையைத் தூக்க வேண்டும். டிரைசூட் பயிற்சி வகுப்பில் முதலில் பழக்குவது இதைத்தான். வகுப்பு இல்லாமல் இறங்க வேண்டாம். நான் இறங்கினேன்.

பூட் பற்றியும் இங்கேயே: சூட்டோடு ஒட்டிய பூட் வசதி. மெல்லிய சாக்ஸ் வைத்த சூட்டும், மேலே லேஸ் கட்டும் பூட்டும் என்றால் பாதம் நழுவாது. என் கதைக்குப் பிறகு நான் லேஸ் கட்சி. எதுவானாலும் உங்கள் அந்தமான் ஃபின் அதில் நுழையாது. பெரிய ஃபின்னுக்கும் பணம் எடுத்து வையுங்கள்.

5 நவம்பர், ஞாயிறு

இன்று ஸ்டோனி கோவ் குவாரிக்குப் போய்விட்டு வந்தேன். மேலே 11 டிகிரி, கீழே அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஸ்டேன்கார்த் என்ற பழைய நீராவிப் படகு 20 மீட்டருக்குச் சற்றுக் கீழே கிடக்கிறது. அதை ஒரு சுற்று.

பக்கத்தில் ஒரு பையன் புது சூட்டில் இறங்கிய வேகத்தில் அலறிக்கொண்டு ஏறினான். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தோள்பட்டை ஜிப் கடைசி ஒரு சென்டிமீட்டர் மூடவில்லை. எனக்கும் நடந்ததுதான், பிப்ரவரியில், 5 டிகிரியில். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு முதுகுத்தண்டில் யாரோ ஒரு ஐஸ் கத்தியை மெதுவாக இறக்குவது மாதிரி. பிறகு அது இடுப்பில் தங்கும். பிறகு காலுக்குப் போகும். மேலே ஏறி நின்றால் இரண்டு காலும் இரண்டு குடம்.

ஜிப்பை மூடியதும் கடைசியில் ஒரு சின்ன இழுப்பு இழுங்கள். 'டக்' என்று அடங்கும். முதுகுப் பக்க ஜிப் என்றால் கூட்டாளியை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பித்தளைப் பல் ஜிப்புக்கு வெளிப்பக்கம் மெழுகு. பிளாஸ்டிக் ஜிப்புக்கு மெழுகு வேண்டாம், மூடும் முனையில் மட்டும் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ். பழைய சூட் வாங்கினால் முதலில் ஜிப்பை வளைத்துப் பல் பல்லாகப் பாருங்கள். நூல் பிரிந்திருந்தால் விலையில் பாதி ஜிப் மாற்றவே போய்விடும். என் 180 பவுண்டு சூட் அப்படித்தான் ஆனது. விற்ற கடைக்காரர் "அப்போது நன்றாகத்தானே இருந்தது" என்றார். பெயர் சொல்லவில்லை, இப்போது கடையும் இல்லை.

6 நவம்பர்

சீல் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீரைத் தடுக்கும் வளையங்கள். லேடெக்ஸ், சிலிக்கான், நியோப்ரீன் என்று மூன்று வகை.

லேடெக்ஸ் நன்றாக இழுபடும், மலிவு, ஆனால் வெயில் ஆகாது, எண்ணெய் ஆகாது. இந்த எண்ணெய் விஷயம் எந்த வெள்ளைக்காரர் எழுதிய கையேட்டிலும் நமக்குப் புரிகிற மாதிரி இருக்காது: தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு லேடெக்ஸ் கழுத்து சீலை மாட்டாதீர்கள். என் முதல் சீல் ஒரே வருடத்தில் பின்கழுத்துப் பக்கம் பிசுபிசுத்து, பழைய பலூன் மாதிரி ஆகிவிட்டது. பழுது பார்ப்பவர் "கழுத்தில் என்ன கிரீம் போடுகிறீர்கள்?" என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம்தான் அம்மா பார்சலில் அனுப்பிய பாட்டில் நினைவுக்கு வந்தது.

இன்னொன்று பவுடர். சீல் வழுக்கிக்கொண்டு போகப் பவுடர் போடுவார்கள். நம் வீட்டு வாசனைப் பவுடரை எடுத்துவிடாதீர்கள். வாசனைக்குச் சேர்ப்பதும் ரப்பரைக் கெடுக்கும். வாசனை இல்லாத வெறும் டால்க்தான்.

சிலிக்கான் மென்மை, ஆனால் ஊசி பட்டால் கிழியும். பசையால் ஒட்டாது, வளையம் வைத்துப் பொருத்தும் சூட்டில்தான் வரும். கிழிந்தால் கார் நிறுத்தத்திலேயே பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். வாரயிறுதி வீணாகாது. பணம் இருந்தால் அதுதான்.

சீல் இறுக்கமாக இருந்தால் ராத்திரி முழுக்க எவர்சில்வர் சொம்பில் மாட்டி வையுங்கள். மணிக்கட்டு சீலுக்குச் சொம்பின் கழுத்து அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கும்.

7 நவம்பர்

திருத்தம். சொம்பு வைத்தியம் நியோப்ரீன் சீலுக்கு மட்டும். லேடெக்ஸைச் சொம்பில் மாட்டினால் காலையில் சொம்புதான் மிச்சம், சீல் பழைய அளவுக்கே வந்து நிற்கும். லேடெக்ஸை வெட்டத்தான் வேண்டும். அதில் வளைய வளையமாகக் கோடு இருக்கும். உள்ளே ஒரு பாட்டிலை நிறுத்தி, கூர்மையான கத்தரியால், ஒரு நேரம் ஒரு வளையம். வெட்டின ஓரத்தில் பிசிறு நின்றால் கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

கழுத்து சீல் இறுக்கமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். கழுத்து நாடியை அழுத்தினால் தலை சுற்றும், இதயத் துடிப்பு குறையும். "போகப் போகத் தளர்ந்துவிடும்" என்பது செருப்புக்குச் சொல்வது.

19 நவம்பர்

கையுறைக்கு வருகிறேன். 5 மி.மீ. ஈரக் கையுறை (உள்ளே தண்ணீர் புகும் வகை) போதும் என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவருக்கு எழுதியிருந்தேன். நார்வேயிலிருந்து ஒரு அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக அங்கே ஃபியோர்ட் கடலில் டைவ் செய்கிறவர், இப்படி எழுதியிருக்கிறார்: "தம்பி, உங்கட குவாரிக்கு அது காணும். இஞ்ச மாசி மாசம் வந்து பாருங்கோ. கை விறைச்சா டைவ் முடிஞ்சுது. நெஞ்சு சூடா இருந்து என்ன பிரயோசனம்? வால்வைத் திருகிறது நெஞ்சில்லை, கை."

ஒப்புக்கொள்கிறேன். யோசித்துப் பார்த்தால், நான் பாதியில் முடித்த டைவ்களில் உடம்பு குளிர்ந்து முடித்தது இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் விரல். டார்ச் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகும்போதுதான் மேலே ஏறுகிறோம். அப்படியானால் முதலில் பணம் போக வேண்டிய இடம் கை. அக்டோபர் 17 அன்று எழுதிய பட்டியலில் கையுறையைக் கடைசியில் வைத்தது தவறு.

உலர் கையுறை என்பது ரப்பர் கையுறை, உள்ளே கம்பளிக் கையுறை, சூட்டின் கையோடு பொருந்த ஒரு வளையம். ஒரு சூட்சுமம் உண்டு. ஆழம் போனால் கையுறைக்குள் இருக்கும் காற்று சுருங்கி, ரப்பர் கையைக் கவ்விப் பிடிக்கும். சூட்டிலிருந்து கொஞ்சம் காற்று கைக்குப் போக வழி வேண்டும். அதற்கு மணிக்கட்டு சீலுக்கு அடியில் ஒரு சின்னக் கயிறோ மெல்லிய குழாயோ வைப்பார்கள். நான் ஷூலேஸ் துண்டு வைக்கிறேன்.

அந்த வழியில் காற்று போனால் தண்ணீரும் வரும், மறக்க வேண்டாம். ஸ்காட்லாந்து ஸ்கேபா ஃப்ளோவில், 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியக் கடற்படையே தன் கப்பல்களை மூழ்கடித்த இடத்தில், கோல்ன் என்ற குரூஸர் 35 மீட்டர் வாக்கில் பக்கவாட்டில் படுத்திருக்கிறது. துருப்பிடித்த தகடு ஒன்றில் என் வலது கையுறை கிழிந்தது. முதலில் சுண்டுவிரல், பிறகு உள்ளங்கை, பிறகு ஷூலேஸ் வழியாக முழங்கை வரை. டைவ் அன்று 38 நிமிடத்தில் முடிந்தது. நல்லவேளை சீல் இருந்தது. கையுறை இருக்கிறதே என்று சிலர் சீலையே எடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அந்தத் தண்ணீர் இடுப்பு வரை போயிருக்கும்.

அண்ணைக்கு நன்றி. மாசி மாசம் வர மாட்டேன்.

3 டிசம்பர்

சூட் வாங்கியாயிற்று என்று தம்பி படம் போட்டிருக்கிறார். பழைய மெம்பரேன், 420 பவுண்டு, புது ஜிப். கறுப்பு. நல்ல வேலை. இனி ஈயம்.

அந்தமானில் 4 கிலோ கட்டியிருப்பீர்கள். இங்கே 10, 12, சிலருக்கு 14 கூட. மலைக்க வேண்டாம், அண்டர்சூட் பிடிக்கும் காற்றை மூழ்கடிக்கத்தான் அவ்வளவும். அலுமினியச் சிலிண்டரை விட்டு ஸ்டீலுக்கு மாறினால் பெல்ட்டில் இரண்டு மூன்று கிலோ குறையும்.

குவாரி நல்ல தண்ணீர், கடல் உப்புத் தண்ணீர். ஆளும் சாமானுமாக 110 கிலோ என்றால், கடலில் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் கிலோ கூடுதலாக வேண்டும். ஒருமுறை வடக்கே கடல்நாய் பார்க்கப் போய் இதை மறந்துவிட்டேன். படகிலிருந்து குதித்து, கார்க் மாதிரி மிதந்தேன். படகோட்டி ஒன்றும் பேசாமல் ஒரு ஈயக்கட்டியை நீட்டினார். கடல்நாய் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஈயத்தைச் சரிபார்ப்பது டைவின் முடிவில். சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்று மிச்சம் இருக்கும்போது, சூட்டில் அதிகக் காற்று இல்லாமல், 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிய வேண்டும். தொடக்கத்தில் பார்த்துவிட்டு "அமிழ்கிறேனே" என்றால், சிலிண்டர் காலியாகி இலகுவானதும் மேலே தூக்கும்.

கணுக்கால் ஈயம் வேண்டுமா என்பவருக்கு: கால் மிதக்கிறது என்றால் சூட் உங்களுக்குப் பெரிது. ஈயம் கட்டி அதை மறைக்கலாம், கால் சோர்வது மிச்சம்.

27 டிசம்பர்

விடுமுறை, வேலை இல்லை, அதனால் சண்டைக்கு வருகிறேன்.

தண்ணீருக்கடியில் மிதப்பைச் சரிசெய்ய சூட்டில் காற்று விடுவதா, பி.சி.டி-யிலா (மிதப்புக்குக் காற்றடைக்கும் ஜாக்கெட்)? இரண்டு கட்சி. சூட்டில் எப்படியும் காற்று விட வேண்டும், இல்லாவிட்டால் மடிப்புகள் தோலைக் கிள்ளி, பிரம்பால் அடி வாங்கியது மாதிரி சிவப்புக் கோடுகள் விழும் (பள்ளிக்கூட ஞாபகம்). அந்தக் காற்றே மிதப்புக்கும் போதுமென்றால் ஒரே இடத்தை மட்டும் கவனித்தால் போதும் என்பது சூட் கட்சி. சூட்டில் கிள்ளாத அளவு மட்டும், மீதி பி.சி.டி-யில் என்பது மற்றக் கட்சி.

நான் பத்து வருடம் சூட் கட்சி. ஈயம் சரியாக இருந்தால் அதுவே எளிது என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் இரட்டைச் சிலிண்டரோடு ஆழம் போகத் தொடங்கியதும் கட்சி மாறிவிட்டேன். அவ்வளவு காற்றும் சூட்டில் என்றால் அது உள்ளே அங்குமிங்கும் ஓடும். ஓடினால் என்ன ஆகும் என்று திரிசங்கு எழுதியிருக்கிறார், மேலே பாருங்கள்.

எந்தக் கட்சியானாலும் ஒன்று: மார்பில் இருக்கும் காற்று வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால், குழாயைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிக்கொண்டே டம்ப் வால்வை முழுக்கத் திறந்து கையைத் தூக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் கழுத்து சீலையோ மணிக்கட்டு சீலையோ விரலால் இழுத்துப் பிடியுங்கள். காற்று போகும், தண்ணீர் வரும், நனைந்தாலும் ஊர் போய்ச் சேரலாம். தடித்த கையுறையோடு அந்தக் குழாயைப் பிடுங்க முடிகிறதா என்று வீட்டிலேயே இருபது தடவை பழகுங்கள். என் மனைவி நான் சோபாவில் உட்கார்ந்து மார்பைப் பிடுங்கிக்கொள்வதைப் பார்த்து ஆம்புலன்ஸ் கூப்பிடப் போனாள்.

14 ஜனவரி 2024, போகி

பழையன கழித்தேன். 2019-ஆம் ஆண்டு மணிக்கட்டு சீல் இரண்டும் குப்பைக்கு. எரிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் ரப்பர் நாற்றத்துக்குப் போலீஸைக் கூப்பிடுவார். லேடெக்ஸை விரலால் இழுத்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்புகள் கண்ணில் பட்டால் அடுத்த டைவில் கிழியும். அதுவும் மாட்டும்போதுதான் கிழியும், படகு புறப்படும் நேரத்தில்.

உடை மாற்றுவது பற்றி. கார் நிறுத்தத்தில் எல்லாரும் நூறு பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய தொளதொள அங்கிக்குள் புகுந்துகொண்டு மாற்றுகிறார்கள். என்னிடம் லுங்கி இருக்கிறது. கழுத்தில் முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. எங்கே கிடைக்கும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இதற்கு மேல் தூத்துக்குடி கதை ஒன்று. போன முறை ஊருக்குப் போனபோது, அந்தக் காலத்தில் சங்கு குளித்த ஒரு பெரியவரிடம் என் சூட் படத்தைக் காட்டினேன். நிறைய நேரம் பார்த்தார். "நனையாம இருக்கணும்னா எதுக்குல தண்ணிக்குள்ள போற?" என்றார். பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

4 பிப்ரவரி

சூட்டைப் பற்றியே பேசி ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி) விட்டுவிட்டோம். தம்பி, புதுச்சேரியில் வாங்கிய ரெகுலேட்டரைக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றால் அதன் மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள். 10 டிகிரிக்கு மேல் மட்டும் என்று குறி இருந்தால் இங்கே குளிர்காலத்துக்கு ஆகாது. அழுத்தக் காற்று விரியும்போது குளிரும், ஏற்கெனவே குளிர்ந்த தண்ணீரில் உள்ளே ஐஸ் கட்டி வால்வு மூடாமல் நிற்கும், காற்று கொட்டோகொட்டென்று கொட்டும். முதல் நிலை (சிலிண்டரில் மாட்டும் பகுதி) தண்ணீர் புகாமல் நன்றாக மூடிய டயாஃப்ரம் (சவ்வு) வகையாகப் பாருங்கள். மேற்பரப்பில் நின்று சோதிக்கிறேன் என்று ஊதிக்கொண்டிருக்காதீர்கள். சூட்டுக்கும் பி.சி.டி-க்கும் ஒரே நேரத்தில் நீண்ட காற்று விடாதீர்கள், சின்னச் சின்னதாக.

சூடேற்றும் பனியன் வாங்கலாமா என்று இன்னொருவர். பேட்டரி, ஒயர், நல்ல சுகம். ஆனால் அமெரிக்கக் கடற்படை 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நினைவில் இருக்கட்டும். அடியில் சூடாக இருந்து, மேலே ஏறும்போது குளிர்ந்தவர்களுக்கு டிகம்ப்ரெஷன் நோய் (உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழாவது) அதிகம் வந்தது. உடம்பு சூடாக இருக்கும்போது நைட்ரஜன் நிறைய ஏறுகிறது, குளிர்ந்தால் இறங்க மறுக்கிறது. அடியிலேயே பேட்டரியைத் தீர்த்துவிட்டு ஏறும்போது நடுங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. சூடு வைத்தால் கடைசியில் வையுங்கள்.

சூட்டுக்கு ஆர்கான் வாயு? காற்றைவிடக் குறைவாக வெப்பம் கடத்தும் என்பது உண்மை. நார்வேயில் கடற்படை டைவர்களை வைத்து, எது எந்த வாயு என்று சொல்லாமல் சோதித்து 2001-இல் வெளியிட்டார்கள். வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் காசுக்கு இன்னொரு கம்பளிச் சாக்ஸ்.

10 மார்ச்

தம்பியின் முதல் டிரைசூட் டைவ் முடிந்தது. 6 டிகிரி, 31 நிமிடம், தலைகீழாகவில்லை. வாழ்த்து. ஆனால் "வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நனைந்துவிட்டது, சீல் புதுசு, என்ன காரணம்?" என்கிறார்.

டார்ச்சை இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். பிடிக்கும்போது மணிக்கட்டின் உட்பக்கம் தசைநார் இரண்டு புடைத்து, நடுவே ஒரு வாய்க்கால் விழும். தண்ணீர் அதன் வழியே வரும். சீலை இரண்டு விரல்கடை மேலே ஏற்றி, தட்டையான இடத்தில் வையுங்கள்.

11 மார்ச்

மேலே ஏற்றியும் நனைகிறதாம். இடது கை காய்ந்தே இருக்கிறதாம். சீலுக்குள் முடி, துணி நுனி எதுவும் மாட்டவில்லை என்கிறார். கையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

12 மார்ச்

படம் வந்தது. வலது மணிக்கட்டில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு சாமிக் கயிறு, மூன்று சுற்று.

19 நவம்பர் குறிப்பை மறுபடி படிக்கச் சொன்னேன். கையுறைக்குக் காற்று போக நான் காசு கொடுத்து ஷூலேஸ் வைக்கிறேன், இவருக்கு அம்மா இலவசமாகக் கட்டி அனுப்பியிருக்கிறார். வெட்டலாமா என்று வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். வெட்டக் கூடாது, தானாக அறுந்து விழ வேண்டும் என்று உத்தரவு. நேற்று இரவு சோப்புத் தண்ணீர் போட்டு அங்குலம் அங்குலமாக ஏற்றியிருக்கிறார். கயிறு இப்போது முழங்கைக்கு மேலே இருக்கிறதாம்.